சில்லை நகர்த்தினால் கார் ஏன் பாய்கிறது?

1965ஆம் ஆண்டு, நேர்பாதையில் கால் மைல் தூரம் விரையும் டிராக் ஓட்டத்துக்கான அமெரிக்கத் திடல்களுக்கு விசித்திரமான சில கார்கள் வந்து சேர்ந்தன. டொட்ஜ், பிளிமத் என்று பெயர் எழுதியிருந்தது. கதவும் கண்ணாடியும் பார்வைக்குக் கடையில் விற்கும் காருக்கு உரியவை போலத்தான் இருந்தன. ஆனால் பின் சில்லு கதவை நோக்கி நகர்ந்து வந்திருந்தது. முன் சில்லு பம்பரை நெருங்கியிருந்தது. பின்பக்கத்தில் காரின் உடல் அந்தரத்தில் நீண்டு கிடந்தது. அளவு தெரியாத ஒருவர் பொருத்திய வண்டி போலத் தோன்றிய இவற்றுக்குத்தான் ‘ஃபனி கார்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை டிராக் ஓட்டத்தின் ஒரு முழுப் பிரிவே அந்தப் பெயரில் ஓடுகிறது.

பொருத்தியவர்களுக்கு அளவு நன்றாகவே தெரியும். அவர்கள் கிறைஸ்லர் நிறுவனத்தின் பொறியியலாளர்கள். பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னோக்கி நகர்த்தி, இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை 110 அங்குலமாகச் சுருக்கினார்கள். என்ஜினில் ஒரு குதிரைவலுவைக்கூடக் கூட்டாத இந்த வேலை காரின் ஆரம்பப் பாய்ச்சலை மாற்றிவிட்டது. இதற்கான விளக்கம் க.பொ.த. உயர்தர பௌதிகவியலுக்கு அப்பால் போவதில்லை. நமது மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் அதே பௌதிகவியல் ஒவ்வொரு போகமும் வேலை செய்கிறது.

வயலில் எழும் மூக்கு

கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ சேற்று வயலில் உழவு இயந்திரம் இறங்கும்போது கவனியுங்கள். கலப்பை ஆழப் பிடித்துக்கொண்டால் முன் சில்லுகள் இலேசாகும். சிலவேளை நிலத்தை விட்டு எழும். பின் சில்லு புதைந்து சுழல முடியாமல் நிற்கும்போது சாரதி கிளச்சைச் சட்டென்று விட்டால், அச்சுக்குப் போன முறுக்கம் சில்லைச் சுழற்ற முடியாமல் இயந்திரத்தின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். மீளமுடியாத கோணத்தை அது ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் தாண்டிவிடும். பின்பக்கமாகக் குடைசாய்வது உழவு இயந்திர விபத்துகளில் மிகக் கொடியது. புதைந்த இயந்திரத்தைப் பின்னோக்கி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த ஆபத்தையே பயனாக மாற்றியவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி ஃபெர்கசன். கலப்பையை மூன்று இணைப்புகளால் இயந்திரத்தோடு ஒன்றாகப் பிணைத்து, ஹைட்ரோலிக் வலுவால் அதன் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முறையை அவர் 1920களில் உருவாக்கினார். கலப்பையின் இழுவிசை பின் சில்லுகளைக் கீழே அழுத்தும். மேல் இணைப்பு முன்னோக்கித் தள்ளி மூக்கு எழாமல் தடுக்கும். இதனால் பாரம் குறைந்த சிறிய இயந்திரமும் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்தது. 1953இல் அவரது நிறுவனம் மாஸி-ஹரிஸுடன் இணைந்தது. மாஸி ஃபெர்கசன் என்ற பெயர் நம் வயல்களுக்கு வந்த வழி அதுதான். அதே ஃபெர்கசனின் நிறுவனம் உருவாக்கிய நாலு சில்லும் இயங்கும் பி-99 ஓட்டக் காரில் ஸ்டேர்லிங் மொஸ் 1961இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணத்தை வென்றார். உழவுக்கும் ஓட்டத்துக்கும் கேள்வி ஒன்றே: இயங்கும் சில்லின் மேல் எவ்வளவு நிறையை ஏற்றலாம்?

வலு இருந்தும் ஓடாத கார்

காரை முன்னே தள்ளுவது என்ஜின் அல்ல, பாதை. டயர் பாதையைப் பின்னோக்கித் தள்ள, பாதை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: இயங்கும் சில்லுகளின் மேலுள்ள நிறையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவது. அதற்கு மேல் எத்தனை குதிரைவலு கொடுத்தாலும் சில்லு வெறுமனே சுழலும், ரப்பர் புகையும்.

கியோம் அமொண்டன் 1699இல் சொன்ன உராய்வு விதிப்படி, உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததல்ல. மரத்துக்கும் உலோகத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும் இந்த விதிக்கு ரப்பர் முழுமையாகக் கட்டுப்படாது. அது பாதையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து நெளிகிறது. மூலக்கூற்று அளவில் ஒட்டவும் செய்கிறது. அதனால்தான் டிராக் கார்களின் பின் டயர் அகலமாக, கோடுகள் இல்லாமல், குறைந்த அமுக்கத்தில் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் டயரைச் சுழற்றிப் புகைய விடுவதும் ரப்பரைச் சூடாக்கி ஒட்ட வைக்கத்தான். நல்ல தார்ப்பாதையில் சாதாரண டயரின் குணகம் 1ஐ நெருங்கும். ஓட்ட டயர்கள் அதைத் தாராளமாகத் தாண்டும்.

காரின் ஓட்டத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் பிடிமானம் எல்லை போடும். வேகம் ஏறியபின் என்ஜினின் வலு எல்லை போடும். இரண்டும் எந்த வேகத்தில் கைமாறுகின்றன என்பதே முக்கியம். வலுவைத் தள்ளு விசையால் வகுத்தால் அந்த வேகம் கிடைக்கும். 1962க்குப் பிந்திய மொரிஸ் மைனர் 1000இன் 1098 சி.சி. என்ஜின் 48 குதிரைவலு, அதாவது சுமார் 36 கிலோவாற்று, தரும். சாரதியோடு 1000 கிலோ வரும் அத்தகைய காரின் பின் டயர்கள் ஏறத்தாழ 6000 நியூட்டன் விசையைத் தாங்கும் என்றால், கைமாறும் வேகம் மணிக்கு 22 கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்கு மேல் பிடிமானம் மிச்சம் கிடக்கும், வலுதான் போதாது. அந்தக் காரின் சில்லை நகர்த்துவதால் எந்தப் பயனும் இல்லை. அதே காரில் 300 குதிரைவலு என்ஜினை இறக்கினால் கைமாறும் வேகம் மணிக்கு 134 கிலோமீற்றருக்கு எகிறும். கால் மைல் ஓட்டத்தின் தொடக்கப் பகுதி முழுவதும் இப்போது பிடிமானத்தின் கையில். அச்சை நகர்த்தும் யோசனை பிறப்பது இங்கேதான்.

டெட்ரொயிட்டின் உயரமான கார்

கிறைஸ்லரின் இளம் பொறியியலாளர்கள் சிலர் 1950களின் இறுதியில் ‘ராம்சார்ஜர்ஸ்’ என்ற பெயரில் ஓய்வுநேரக் கழகம் ஒன்றை நடத்தினார்கள். ஓட்டக் கார் தாழ்வாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அவர்கள் ஒரு 1949 பிளிமத் காரை வேண்டுமென்றே நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டினார்கள். என்ஜினும் மிக உயரத்தில் அமர்ந்தது. ‘ஹை அண்ட் மைட்டி’ என்று பெயர்பெற்ற அந்த வண்டி பார்க்க அவலட்சணமாக இருந்தது. புறப்படும்போது மற்றவர்களை விட நன்றாகப் பிடித்தது.

காரணம் இது. தள்ளு விசை நிலமட்டத்தில், டயரின் அடியில் செயற்படுகிறது. காரின் திணிவோ அதற்கு மேலே, புவியீர்ப்பு மையத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். கீழே முன்னோக்கித் தள்ளும்போது மேலேயுள்ள திணிவு பின்தங்கப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான திருப்பம் முன் சில்லிலிருந்து நிறையைப் பறித்துப் பின் சில்லில் போடுகிறது. அப்படி இடம்மாறும் அளவு: திணிவு, ஆர்முடுகல், மைய உயரம் மூன்றையும் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் வருவது. மையத்தை உயர்த்தினால் பின் சில்லுக்குப் போகும் பங்கு கூடும். அச்சுகளை நெருக்கினாலும் கூடும். ராம்சார்ஜர்ஸ் முதலாவதைச் செய்தார்கள். சில ஆண்டுகளில் கிறைஸ்லர் இரண்டாவதைக் கையிலெடுத்தது.

1964இல் விதிகள் அனுமதித்த 2 சதவீத விலகலுக்குள் அச்சுகளைச் சற்று நகர்த்திய கார்கள் வந்தன. 1965இல் அந்த வேலி முற்றாகத் தாண்டப்பட்டது. உடல் தகடுகளை அமிலத் தொட்டியில் அமிழ்த்தி மெல்லியதாக்கினார்கள். மூடிகளும் கதவுகளும் ஃபைபர் கிளாஸில் வந்தன. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் பொருத்தினார்கள். உள்ளே 426 கன அங்குல, அதாவது 7 லீற்றர், ஹெமி என்ஜின். டிராக் ஓட்டத்தின் பெரிய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தொழிற்சாலைப் பரிசோதனைப் பிரிவில் இவற்றை ஏற்க மறுத்தது. போட்டி அமைப்பான ஏ.எச்.ஆர்.ஏ. ஏற்றது. டிக் லாண்டி, ரொனி சொக்ஸ், புட்ச் லீல் போன்ற ஓட்டுநர்கள் ஊர் ஊராகச் சவால் ஓட்டங்களில் இவற்றை ஓட்டிக் கூட்டம் சேர்த்தார்கள்.

ஸ்டேஷன் வேகனும் இந்த உலகுக்குப் புதிதல்ல. கூரை பின்பக்கம் வரை நீள்வதால், கண்ணாடியும் தகடும் பின் சில்லின் மேலேயே கூடுதல் நிறையை வைக்கின்றன. அதனால் மாற்றம் செய்யாத கார்களின் பிரிவில் 1950களின் செவர்லே வேகன்களைத் தேடி வாங்கி ஓடியவர்கள் உண்டு. டொமி ஐவோ நான்கு பியூக் என்ஜின்களை வைத்துக் கட்டிய நாலு சில்லும் இயங்கும் வண்டி பின்னர் வேகன் உடலைப் போர்த்திக்கொண்டு ‘வேகன் மாஸ்டர்’ என்று ஓடியது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் வண்டியை ஓட்டத் திடலுக்குக் கொண்டுபோனதன் பின்னாலும் நிறைக் கணக்கே இருந்தது.

மொரிஸ் வேகனை வைத்து ஒரு கணக்கு

நமக்குத் தெரிந்த வேகனில் இதைப் போட்டுப் பார்ப்போம். மொரிஸ் மைனர் டிராவலர், பின்புறம் மரச் சட்டங்கள் வெளியே தெரியும் வேகன், 1953இல் அறிமுகமானது. இறக்குமதி இறுக்கமாக இருந்த 1960, 70களில் இலங்கை மெக்கானிக்குகள் பழைய பிரித்தானியக் கார்களை இல்லாத உதிரிப்பாகங்களைத் தாங்களே செய்து உயிரோடு வைத்திருந்தார்கள். பின்னாளில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் அந்தக் காருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்விக்கும் அளவுக்கு இந்தக் கைத்திறன் பேர்பெற்றது.

டிராவலரின் அச்சிடைத் தூரம் 86 அங்குலம். மில்லிமீற்றரில் சுமார் 2180. வலுவான என்ஜினும் சாரதியும் சேர்ந்து 1000 கிலோ என்றும், அதில் 460 கிலோ பின் சில்லுகளில் என்றும், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 550 மில்லிமீற்றர் உயரத்தில் என்றும், உராய்வுக் குணகம் 1 என்றும் வைத்துக்கொள்வோம்.

நின்ற நிலையில் பின் சில்லுகளில் 460 கிலோ. புறப்படும்போது நிறை இடம்மாறி அது 615 கிலோ ஆகிறது. ஆகவே கிடைக்கக்கூடிய உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.61 மடங்கு.

இப்போது பின் அச்சை 250 மில்லிமீற்றரும் முன் அச்சை 150 மில்லிமீற்றரும் முன்னோக்கி நகர்த்துவோம். அச்சிடைத் தூரம் 2080 ஆகிறது. காரின் உடல் இருந்த இடத்திலேயே இருப்பதால் மையமும் அங்கேயே இருக்கிறது. பின் சில்லுதான் அதனருகே வந்துவிட்டது. நின்ற நிலையிலேயே பின் சில்லுகளில் 554 கிலோ. புறப்படும்போது 753 கிலோ. உச்ச ஆர்முடுகல் 0.75 மடங்கு. இது 22 சதவீதம் அதிகம். அச்சுகளின் சொந்த நிறையைக் கணக்கில் விட்டிருக்கிறேன். அதைச் சேர்த்தால் ஆதாயம் சற்றுக் குறையும்.

டிராக் ஓட்டக்காரர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது முதல் 60 அடியை. இந்தக் கணக்கின்படி பழைய டிராவலர் அதைக் கடக்க 2.46 செக்கன் எடுக்கும். மாற்றிய வண்டி 2.22 செக்கன். கால் செக்கன் தானே என்று தோன்றும். மறுமுனையை மணிக்கு 180 கிலோமீற்றரில் கடக்கும் காருக்குக் கால் செக்கன் என்பது 12 மீற்றர். மூன்று டிராவலர்களை வரிசையாக நிறுத்தும் நீளம்.

முன் அச்சை ஏன் நகர்த்த வேண்டும் என்ற கேள்வி எழலாம். பின் அச்சை மட்டும் நகர்த்தினால் பின் சில்லுகளில் நின்ற நிலையில் 520 கிலோதான் இருக்கும். முன் சில்லையும் முன்னே தள்ளும்போது அது மையத்திலிருந்து விலகி, தாங்கும் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மீதி பின்னால் போகிறது. அத்தோடு அச்சுகள் மிக நெருங்கிய கார் வேகத்தில் அலையும். முன் சில்லை நகர்த்துவது அதையும் ஓரளவு ஈடுசெய்கிறது.

எல்லை எங்கே?

இதே பாதையில் இன்னும் போகலாமே என்றால், முடியாது. முன் சில்லுகளில் நிறை பூச்சியமாகும் கணத்தில் இடம்மாற ஒன்றும் மிச்சமில்லை. அதற்குரிய ஆர்முடுகல், மையத்திலிருந்து பின் அச்சுக்குள்ள தூரத்தை மைய உயரத்தால் வகுத்தால் கிடைக்கும். பழைய டிராவலருக்கு அது 2.14 மடங்கு; மாற்றியதற்கு 1.69 மடங்கு. சாதாரண டயரில் இரண்டு வண்டியும் அந்த எல்லையை எட்டாது. குணகம் 1.8 உள்ள ஓட்ட டயரைப் போட்டால் பழைய வண்டி 1.52 மடங்கில் நிலத்திலேயே நிற்கும். மாற்றிய வண்டி 1.69ஐ எட்டியதும் மூக்கைத் தூக்கிவிடும். தூக்கிய காரைத் திருப்ப முடியாது. வலுவின் ஒரு பகுதி காரை ஓட்டாமல் தூக்குவதில் வீணாகும். பின்புறம் சிறு சில்லுகள் பூட்டிய நீளமான கம்பிகளை ஓட்டக் கார்களில் காண்பது இதைக் கட்டுப்படுத்தத்தான்.

1965இல் டொட்ஜ் ஏ-100 சிறு லொறி ஒன்றில் ஹெமி என்ஜினைச் சாரதிக்குப் பின்னால் இறக்கியபோது நிறை அளவுமீறிப் பின்னால் போனது. வண்டி முன் சில்லுகளை வானத்தில் வைத்துக்கொண்டு ஓடியது. பில் கோல்டன் அதை ‘லிட்டில் ரெட் வேகன்’ என்ற பெயரில் வேடிக்கை வண்டியாகப் பல ஆண்டுகள் ஓட்டினார். கூட்டத்துக்கு விருந்து, கடிகாரத்துக்கு நட்டம். வெற்றிக்கான அமைவு முன் சில்லு நிலத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பில் இருக்கிறது.

கராஜில் நடக்கும் வேலை

தாளில் 250 மில்லிமீற்றர் என்று எழுதுவது எளிது. இரும்பில் அது பல வேலைகள். மொரிஸ் மைனரில் தனிச் சட்டகம் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குகிறது. டிராவலரின் பின்பாதியிலோ மரச் சட்டமும் சேர்ந்து தாங்குகிறது. பின் பட்டை ஸ்பிரிங்குகளின் தாங்கிகளை முன்னே கொண்டுபோனால், அவை பிடித்திருந்த இடத்திலிருந்த வலுவையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அடியில் முன்னிருந்து பின்வரை பெட்டிக்குழாய்ச் சட்டம் ஒன்றை வெல்டிங் செய்து, அதில் ஸ்பிரிங்குகளையும் சாரதியைச் சுற்றிய பாதுகாப்புக் கூண்டையும் பொருத்துவதே முறையான வழி. முன்புறத்தில் மொரிஸ் மைனர் முறுக்குத் தண்டு ஸ்பிரிங்கில் நிற்கிறது. அந்தத் தண்டின் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து நகர்த்த வேண்டும். இல்லையேல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திண்ம அச்சு போட வேண்டும். அக்கால ஓட்டக்காரர்கள் பலர் இரண்டாவது வழியில் போனார்கள்.

பின் அச்சு 250 மில்லிமீற்றர் முன்னே வந்தால் புரொப்பலர் ஷாஃப்டும் அந்தளவு குறுக வேண்டும். குறுகிய ஷாஃப்டில் மூட்டுகளின் கோணம் கூடும். கோணம் கூடினால் அதிர்வு கூடும். உடைந்தால் சுழலும் துண்டு தரையைக் கிழித்துச் சாரதியைத் தாக்கும். அதனால் ஷாஃப்டைச் சுற்றித் தடித்த இரும்பு வளையம் ஒன்று கட்டாயம்.

இன்னொரு நுட்பம் உண்டு. என்ஜினின் முறுக்கம் ஷாஃப்ட் வழியாக வரும்போது பின் அச்சையே ஒரு பக்கமாக உருட்டப் பார்க்கும். வழக்கமான சுழல்திசையில் வலப் பின்சில்லு இலேசாகி இடப் பின்சில்லு அழுந்தும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சில்லுக்கும் சமமான முறுக்கத்தையே கொடுப்பதால், பிடிமானம் குறைந்த சில்லு வைக்கும் எல்லையே இரண்டுக்கும் எல்லையாகிவிடும். நிறையைப் பின்னால் சேர்த்த உழைப்பெல்லாம் வலப் பக்கச் சில்லின் புகையாகப் போய்விடும். கிறைஸ்லர் இதற்கென வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் வெவ்வேறு பட்டைகள் கொண்ட ஸ்பிரிங்குகளைச் செய்தது. அவற்றின் முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்ததால் அச்சு முறுகித் துள்ளுவதும் அடங்கியது.

வாவிக் காற்றும் உப்பும்

மட்டக்களப்பில் இப்படியொரு வேலையில் இறங்குபவர் உப்பை மறக்கக்கூடாது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் நிற்கும் எழுவான்கரை ஊர்களில் குளோரைட்டு கலந்த ஈரம் இரும்பின் மேல் மெல்லிய மின்பகுபொருள் படலமாகப் படிகிறது. துரு வெளித்தகட்டை விட மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் விரைவாக ஓடும். மொரிஸில் கதவின் கீழ்ப்பட்டியும் பின் ஸ்பிரிங் தாங்கியுமே முதலில் போகும். மரச் சட்டத்தின் கீழ் மூலைகளில் ஈரம் தேங்கி உளுக்கும். மேலே மினுங்கும் வண்டி அடியில் கடதாசியாக இருக்கலாம். சுத்தியலால் தட்டி, கூரிய கம்பியால் குத்திப் பார்க்காமல் எதையும் வெட்டக்கூடாது.

காற்றும் கணக்கில் வரும். என்ஜினின் வலு உள்ளே போகும் ஒட்சிசனின் அளவைப் பொறுத்தது. 15 பாகை செல்சியஸில், கடல்மட்டத்தில், உலர்ந்த காற்று கன மீற்றருக்கு 1.225 கிலோ. 32 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள மட்டக்களப்புப் பகலில் அது ஏறத்தாழ 1.14 கிலோ. நீராவி இடம்பிடித்துக்கொள்வதால் ஒட்சிசன் மட்டும் பார்த்தால் 9 சதவீதக் குறைவு. கல்லடிப் பாலத்தின் அருகே நிற்கும் கார், அடர்த்திக் கணக்கில், 750 மீற்றர் உயரமான மலையில் நிற்பதற்குச் சமம். 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நடக்கும் நுவரெலியாவில் குளிர் இருந்தாலும் உயரம் வென்றுவிடுகிறது. அங்கு அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் கூடினாலும் ஈரப்பதன் குறைவதால் இழப்பின் ஒரு பகுதி ஈடாகும். ஆனால் நண்பகல் வெயிலில் தார் இளகிப் பிடிமானம் கெடும். மாரியில் வாடைக்காற்றோடு வரும் மழை பிடிமானத்தைப் பாதியாக்கும்.

எங்கே ஓட்டுவது?

டிராக் ஓட்டம் பெரும்பாலும் போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகளில் வளர்ந்தது. என்.எச்.ஆர்.ஏ. 1955இல் தன் முதல் தேசியப் போட்டியைக் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில், போர்க்கால விமானத்தளத்தில் நடத்தியது. இங்கிலாந்தின் சாண்டா பொட் திடலும் ஒரு காலத்தில் விமானத்தளம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் போட்டிகள் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் திடலுக்கு மாறியது. இலங்கையில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்த கட்டுக்குருந்தவிலும் மோட்டார் ஓட்டங்கள் நடந்தன. நேரான, அகலமான, முடிவில் நிற்பதற்கு இடமுள்ள பாதை தேவைப்படுவதே காரணம். ஓடும் தூரம் 402 மீற்றர். வேகம் தணிந்து நிற்க அதைவிட நீளமான இடம் வேண்டும்.

இந்தத் தேவை அலங்காரமல்ல. 1965இல் அமெரிக்கக் கார் ஓட்ட அமைப்பான நாஸ்கார் ஹெமி என்ஜினைத் தடுத்தபோது, புகழ்பெற்ற ஓட்டவீரர் ரிச்சர்ட் பெட்டி டிராக் ஓட்டத்துக்கு வந்தார். பெப்ரவரி மாதம் ஜோர்ஜியா மாநிலத்தில் அவரது பிளிமத் பரகூடா கட்டுப்பாடிழந்து பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் சிறுவன் ஒருவன் இறந்தான். ஓட்டியவர் அனுபவத்தில் யாருக்கும் குறைந்தவரல்லர். பார்வையாளர்களுக்கும் பாதைக்கும் இடையில் போதிய தடுப்பு இல்லாவிட்டால் திறமை உதவாது.

அச்சை நகர்த்திய இரும்புக் கார்களின் காலமும் நீடிக்கவில்லை. 1966இல் குழாய்ச் சட்டகத்தின் மேல் ஒரே துண்டான ஃபைபர் கிளாஸ் உடலைப் போர்த்திய மேர்க்குரி கொமெட் கார்கள் வந்தன. உடல் வெறும் போர்வையான பின், சில்லைக் கணக்கு சொல்லும் இடத்திலேயே வைக்கலாம். வெட்டி நகர்த்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஆனால் சில்லு எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை.

ஆகவே தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் கராஜ் வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல இருப்பது: முதலில் நிறுங்கள், பிறகு வெட்டுங்கள். காரின் நான்கு சில்லுக்கும் நான்கு தராசு வைத்தால் மையம் முன்பின்னாக எங்கே என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங்குகள் அசையாமல் பூட்டி, பின்புறத்தை 500 மில்லிமீற்றர் உயர்த்தி மீண்டும் நிறுத்தால், முன் சில்லுகளில் கூடும் நிறையிலிருந்து மையத்தின் உயரமும் வரும். மேலே சொன்ன டிராவலரில் அது 29 கிலோ கூடும். லொறி நிறுக்கும் பெரிய தராசு இதற்கு நுட்பம் போதாது. ஒரு நாள் வேலை, ஒரு பக்கக் கணக்கு. இதை எந்த வாகனத்திலும், ஓர் உழவு இயந்திரத்திலும் கூடச் செய்யலாம். படுவான்கரையில் உயிர் காக்கும் அறிவும் அதுவே.

வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், மரச் சட்டம் கெடாத டிராவலரைத் தொடாதீர்கள். அது இனி உற்பத்தியாகாது. துருப்பிடித்து ஒதுக்கிய வேகன் உடல் ஒன்றை எடுங்கள். அச்சை மாற்றிய வண்டி பொதுவீதிக்கு உரியதல்ல. திடல் இல்லாவிட்டால் அதை ஓட்டாமல் வைத்திருப்பதே சரி.